கோப்பைக்கு உரிய வைனும் சட்டிக்கு உரிய வைனும்

விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் வரும் உறவினர்கள் சொக்கிலேற்றோடு ஒரு போத்தல் சிவப்பு வைனையும் கொண்டுவருவதுண்டு. குடிப்பவர் இல்லாத வீட்டில் அது அலுமாரியிலேயே கிடக்கும்போது, அதை மாட்டிறைச்சிக்கு ஊற்றலாமா, சமையலுக்கென்றே விற்கப்படும் வைன் வேறானதா, வீட்டிலிருக்கும் வினாகிரியே போதாதா என்ற கேள்விகள் எழுவது இயல்பு.

நல்ல வைனுக்கு மக்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அதன் வாசனைக்கே உரியது. சட்டி கொதிக்கத் தொடங்கியதும் முதலில் பறந்துபோவதும் அந்த வாசனைதான். பின்னர் எஞ்சுவன புளிப்பு, துவர்ப்பு, நிறம், ஓரளவு இனிப்பு ஆகியவையே. ஆகவே ஆண்டுக்கணக்கில் பாதுகாத்த விலையுயர்ந்த போத்தலை அடுப்பில் ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குடிக்கும்போது விரும்பப்படும் அழுத்தமான துவர்ப்பு, குழம்பு வற்ற வற்றச் செறிந்து கசப்பாகத் தெரியக்கூடும். பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்தவர்கள் மாட்டிறைச்சியை வேகவைக்கும் அவ்வூர்ச் சிவப்பு வைன், துவர்ப்பு மென்மையான பினோ நுவார் திராட்சையில் செய்யப்படுவது. அதுவோ மெர்லோ என்ற திராட்சையின் வைனோ சட்டிக்குப் பொருந்தும். இனிப்பான வைன் பொருந்தாது.

சமையல் வைன் என்று விற்கப்படுவதில் பொதுவாக உப்பும் பதப்படுத்தும் பொருட்களும் சேர்க்கப்பட்டிருக்கும். குழம்பு பாதியாக வற்றும்போது உப்பின் செறிவு இருமடங்காகிவிடுவதால், சமைப்பவர் கையில் இருக்க வேண்டிய உப்பின் அளவு போத்தலின் கைக்குப் போய்விடுகிறது. இம்மூன்றில் முதலில் விலக்க வேண்டியது இதுவே என்பது என் உறுதியான முடிவு. மலிவானதாயினும், குடித்தால் முகஞ்சுளிக்க வைக்காத, இனிப்பற்ற சாதாரண வைனே சமையலுக்குச் சிறந்தது.

வினாகிரியின் இடம் வேறு. அதன் புளிப்பு வைனினுடையதைவிடப் பல மடங்கு கூடியது என்பதால், ஒரு கோப்பை வைனுக்கு ஒரு கோப்பை வினாகிரி என்று மாற்றிவிட முடியாது. ஆனால் வறுத்து இடித்த தூளும் தேங்காய்ப்பாலும் சேரும் நமது இறைச்சிக் கறியில், மென்மையான வைனின் சுவை உறைப்புக்குள் அமிழ்ந்துபோகும். கோப்பைக் கணக்கில் ஊற்றினால் அதன் புளிப்பால் பால் திரையவும் கூடும். அங்கே சிறிதளவு வினாகிரியோ கொறுக்காயோ போதும். வைனைத் தேங்காய்ப்பாலில்லாத, மிளகும் வெங்காயமும் பூண்டும் மட்டுமே சேர்ந்த இறைச்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இறைச்சித் துண்டுகளைச் சிவக்க வறுத்தெடுத்தபின், சட்டியின் அடியில் ஒட்டிய கபில நிறப் பிடிப்பின் மேல் வைனை ஊற்றி அகப்பையால் சுரண்ட வேண்டும். முதலில் எழும் ஆவி மூக்கைச் சுள்ளென்று தாக்கும்; அது தணிந்து, ஊதா நிறம் மங்கிச் சாறு சற்றுத் தடித்த பின்னரே இறைச்சியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அலுமினியச் சட்டி புளிப்போடு வினைபுரியும் என்பதால், சில்வர்ச் சட்டியே ஏற்றது.

மதுசாரம் 78 பாகையில் கொதித்தாலும், தண்ணீரோடு கலந்திருக்கும்போது உடனே முழுவதும் நீங்கிவிடாது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, குழம்பில் கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதமும், ஒரு மணித்தியாலத்தின் பின் 25 சதவீதமும், இரண்டரை மணித்தியாலத்தின் பின்னரும் 5 சதவீதமும் எஞ்சுகின்றன. குடிப்பழக்கத்தை விட்டவர்களோ மதத்தின்பேரில் மதுவை விலக்குபவர்களோ பந்தியில் இருந்தால், பரிமாறுமுன் சொல்லிவிடுவது கட்டாயம்.

குடிப்பதற்கென்றால் சிவப்பு வைனுக்கு 16 முதல் 18 பாகை வரையான குளிர்ச்சி தேவை. வன்னியின் வெயிலில் அறையில் வைத்த போத்தலில் மதுசார நெடியே மேலோங்கும். பரிமாறுமுன் அரை மணித்தியாலமாவது குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். திறந்த போத்தல் அங்கேயும் சில நாட்களே குடிக்கத் தகுந்ததாக இருக்கும். சமையலுக்கென்றால், மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டியபோது இரண்டு மூன்று கட்டிகளைச் சட்டியில் போட்டுக்கொள்ளலாம்.