மருந்துச் சோதனையா, கண்காணிப்பு ஆய்வா?

பார்க்கின்சன், அல்சைமர் என்று தெரிந்ததும் "ஆராய்ச்சியில் சேரலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். சேரலாம். எதில் என்பதில்தான் குழப்பம். மருந்துச் சோதனையில் புது மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். கண்காணிப்பு ஆய்வில் மருந்து கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று பின்தொடர்வார்கள்.

என்ன கிடைக்கும்?
சோதனை: புது மருந்து கிடைக்கலாம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும், மருந்தில்லாத போலி மருந்தும் கிடைக்கலாம். அல்சைமருக்கான லெக்கனிமாப் சோதனையில் 1,795 பேர். பாதிப் பேருக்குப் போலிதான். யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாது.
கண்காணிப்பு: சிகிச்சை கிடையாது.

அலைச்சல்
சோதனை: லெக்கனிமாபுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 18 மாதம். கையில் ஊசி ஏற்றி, மருந்து இறங்கும்வரை சுமார் ஒரு மணி நேரம். கூட வருபவரின் வேலையும் கெடும்.
கண்காணிப்பு: வருடத்தில் சில நாள்.

ஆபத்து
சோதனை: லெக்கனிமாப் சோதனையில் மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை. இருந்தாலும் இதைக் கேட்டுத் தெளியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.
கண்காணிப்பு: சில ஆய்வுகளில் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பார்கள். முழங்காலை வயிற்றோடு மடக்கி, முதுகை வளைத்துப் படுக்க வேண்டும். அப்புறம் சில நாள் தலைவலி வரலாம்.

கண்காணிப்பைச் சும்மா பார்ப்பது என்று ஒதுக்காதீர்கள். 2010-இல் தொடங்கிய பிபிஎம்ஐ என்ற பார்க்கின்சன் கண்காணிப்பு ஆய்வில் பலர் இப்படிக் கொடுத்த நீரில்தான், பார்க்கின்சனில் நரம்பணுக்களில் உள்ள ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதம் தவறாக மடங்குவதைப் பரிசோதனையில் காணலாம் என்று 2023-இல் உறுதியானது.

நோய் ஆரம்ப நிலையில் இருந்து, துணைக்கு ஆளும் இருந்தால் சோதனையை விசாரியுங்கள். தனியாக இருப்பவர்களுக்கும், நோயில்லாத உறவினர்களுக்கும் கண்காணிப்பே என் தேர்வு. எதிலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.