எடை குறைப்பதாகச் சொல்லி என் தந்தையாரின் காரைக் கெடுத்தார்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

என் தந்தையார் 1979-இல் நீலகிரித் தேயிலைத் தோட்ட அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கி, கும்பகோணத்திலுள்ள எங்கள் அரிசி ஆலைக் கொட்டகையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேணி வந்த 1968-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற, கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, எடை குறைத்துத் தருவதாக வாக்களித்த ஒரு பட்டறையிடம் ஒப்படைத்து, ஆறு மாதங்களையும் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாயையும் இழந்திருக்கிறேன். அந்தக் காரின் அசல் இரும்புத் தகடுகள் போனது பணம் போனதைவிடப் பெரிய இழப்பு. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் உதிரி பாகங்கள் பல இந்தக் காருக்கும் பொருந்தும் என்பதாலேயே அப்பா துணிந்து இதை வாங்கினார். 1296 சிசி எஞ்சின், 75 குதிரைத்திறன். 1965-ஆம் ஆண்டு லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்ற ஸ்பிட்ஃபயர் கார்கள் எடை குறைத்து உருவாக்கப்பட்டவை என்பதைப் படித்த நாளிலிருந்து, முன் பானெட்டையும் டிக்கி மூடியையும் ஃபைபரிலும் (கண்ணாடி நாரும் ரெசின் என்னும் பிசினும் சேர்ந்தது), கதவுகளின் வெளித்தகட்டை அலுமினியத்திலும் செய்து பொருத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அந்த எண்ணம் தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. தவறு, நான் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்தது.

நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகளுக்கு அங்கே குறைவில்லை. நான் போன பட்டறையும் அப்படிப் படகு வேலையில் பழகியதுதான். அலையையும் மணல்தரையையும் தாங்க வேண்டிய படகுக்குத் தடிமன் வேண்டும். காரின் பானெட்டுக்கு அந்தத் தடிமனே கேடு. கணக்கு எளிது. 0.9 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ளது. கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் சேர்த்துக் கையால் பூசிய ஃபைபர் 3 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் அதே பரப்புக்கு நாலரைக் கிலோதான் வரும். 5 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டாலோ ஏழரைக் கிலோ, அதாவது இரும்பைவிட அதிகம். என் பானெட்டின் ஓரத்தை வெர்னியரால் அளந்தபோது எந்த இடத்திலும் 5 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. வார்ப்பு அச்சு சரியாக அமையாத இடங்களை மறைக்கப் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) வேறு கனமாகப் பூசியிருந்தார்கள்; பட்டியும் எடைதான். டிக்கி மூடியை மட்டும் அப்பாவின் நினைவாக நான் முன்பே வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். இரண்டையும் ஆலைத் தராசில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்: பழைய இரும்பு மூடி 8.4 கிலோ, புதிய ஃபைபர் மூடி 9.7 கிலோ.

ஆனால் வண்டியை எடுத்த நாளில் எனக்கு இது தெரியாது, ஏனெனில் என் கையில் ஓர் எடைச்சீட்டைக் கொடுத்திருந்தார்கள். வேலைக்கு முன் எங்கள் ஊர் எடை மேடையில் நிறுத்தியபோது காட்டிய 750 கிலோவுக்கு எதிராக, அந்தச் சீட்டில் 670 என்று அச்சாகியிருந்தது. எண்பது கிலோ குறைந்துவிட்டது என்று மனம் குளிர்ந்து மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். முன்பு நான் எடை போட்டபோது பெட்ரோல் டேங்க் நிரம்பியிருந்தது, ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பை, இரண்டு இருக்கைகள் எல்லாம் உள்ளே இருந்தன. அவர்கள் எடை போட்ட அன்று இவற்றில் எதுவும் இல்லை என்பதை, அந்தப் பட்டறையிலிருந்து விலகிய ஒரு தம்பி பிறகு மனம் பொறுக்காமல் சொன்னார். 37 லிட்டர் பெட்ரோலே 27 கிலோவுக்கு மேல். எல்லாவற்றையும் பொருத்தி, டேங்க்கை நிரப்பி, பழைய மேடையிலேயே மீண்டும் நிறுத்தினேன்: 740. லாரிகளுக்கான அந்த மேடை 10 கிலோ படிகளாகவே காட்டும் என்பதால், அந்தப் பத்துக் கிலோவும் உறுதியில்லை.

உண்மையில் ஏதேனும் குறைந்திருந்தால் அது எங்கிருந்து குறைந்தது என்பதைத்தான் நான் அஞ்சி அஞ்சி எழுதுகிறேன். ஹெரால்டு காரின் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) இரு பக்கமும் நீளச் சட்டங்கள் உண்டு. பாடியின் பாரத்தை அவை ஏந்திக்கொள்வதால், கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கச் சட்டங்கள் கிடையாது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் இரும்புப் பெட்டிதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. மேலே கூரையும் இல்லாததால் முழுப் பொறுப்பும் அதன்மேல்தான். ஹெரால்டு பார்த்துப் பழகிய பட்டறையின் டிங்கர், துருப்பிடித்த அலங்காரத் தகடு என்று நினைத்து, அந்தப் பெட்டியின் உள்தகட்டை இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டு, வெளியே ஃபைபர் பட்டையை ஒட்டிப் பெயின்ட் அடித்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அப்படி வெட்ட நேர்ந்தாலும், முதலில் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து, இடைவெளி மாறாமல் காத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

வலங்கைமான் சாலையில் ஒரு வேகத்தடையைக் கடந்த பிறகு வலப்பக்கக் கதவு திறக்கவில்லை. கதவின் மேல்பக்க இடைவெளி முழுவதும் மூடிக்கொண்டு, கீழ்ப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அருகில் என் மகள் அமர்ந்திருந்தாள். பக்கவாட்டில் ஒரு பைக் மோதியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றளவும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி அடைமழையில், திறந்த கொட்டகையில் ரெசின் பூசியிருக்கிறார்கள். ஈரக்காற்றில் அது முழுமையாக இறுகவில்லை. ரெசின் நெடி மூன்று மாதம் போகாததும், சித்திரை வெயிலில் நின்றபோது நாரின் தடம் பெயின்ட்டின் மேல் வரிவரியாகத் தெரிந்ததும் அதனால்தான். விளக்குகளின் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாக, அதாவது எர்த்தாக, முன்பு இரும்பு பானெட்டே இருந்தது. ஃபைபருக்குத் தனி எர்த் வயர் இழுக்காததால் முன் விளக்குகள் சிமிட்டின. அலுமினியத் தகட்டை இடையில் எந்தப் பூச்சும் இல்லாமல் இரும்புச் சட்டத்தின் மேல் மடித்திருந்தார்கள். உப்புக்காற்றில் இரு உலோகங்கள் நேரடியாகத் தொட்டால் அலுமினியம்தான் அரிக்கப்படும், மடிப்பில் வெள்ளைப் பொடி இப்போதே உதிர்கிறது.

பழைய தகடுகளைக் கேட்டபோது, இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வாகனத்தை ‘விஏ’ வரிசை எண்ணோடு விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். நான் விண்ணப்பிக்க எடுத்து வைத்திருந்த தாள்கள் அலமாரியில் கிடக்கின்றன.

இத்தகைய வேலைக்குக் கொடுப்பவர்கள், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் அன்றே தராசில் வைத்து எடையை எழுதிக் கையொப்பம் வாங்கி, பாகத்தைத் தம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட வேண்டும். புதிய பாகத்தைப் பெயின்ட் அடிப்பதற்கு முன் எடை போட வேண்டும், பின்னால் அல்ல. எந்தத் தகடு பாரம் தாங்குவது, எது தாங்காதது என்று சொல்லத் தெரியாதவர் கையில் வெட்டும் கருவியைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கைச்சீட்டுகளும் வாட்ஸ்அப் படங்களும் மட்டுமே இருந்தன. அவற்றைக் கொண்டே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

கதவுக்குக் கீழுள்ள அந்த இரும்புப் பெட்டியை இப்போது கும்பகோணத்திலேயே ஒரு முதிய டிங்கர் ஐயா, வாயிலுக்குக் குறுக்கே குழாய் வைத்து, 18 கேஜ் தகட்டில் புதிதாக மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். பானெட்தான் இல்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கத்து இரும்புக் கடைகளில், இரண்டு முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக இருக்கும் கரும்பச்சை பானெட் ஒன்றைக் கண்டால், அதன் இடப்பக்க விளக்குக் குழிக்கு மேலே உட்புறம் பாருங்கள். 1986-இல் அப்பா தம் கையால் ஈயம் வைத்து அடைத்த, ஐந்து ரூபாய் நாணய அளவு வட்டம் ஒன்று அங்கே இருக்கும். இருந்தால், தயவுசெய்து அதை வெட்ட விடாதீர்கள்.