அமராவதி ஆற்றில் எடுத்த ரோமானியக் காசு என்று யாராவது கொண்டு வந்தால்

கரூர், ஈரோடு, காங்கேயம், திருப்பூர் வட்டாரத்தில் பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி ரோமானிய வெள்ளிக் காசு விற்கிற ஓர் ஆள் நம் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார். நான் 16,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காசு போலி. ஆனால் போலியை விட மோசம், பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்தது. முக்கியமாக அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆளின் பெயரைப் போடவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் போக்கில் போகட்டும்.

அவர் சொல்கிற கதை எடுபடக் காரணம், அதில் முக்கால்வாசி உண்மை. கரூரில் அமராவதிப் படுகையில் ரோமானியக் காசுகளும் சேரர் காசுகளும் நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. மாக்கோதை என்ற சேர ராஜாவின் பெயரைத் தமிழி எழுத்தில் (பழந்தமிழ் பிராமி எழுத்து) பொறித்து, ரோமானியர் பாணியில் தலை உருவம் போட்ட வெள்ளிக் காசும் அந்த ஊர்ச் சரக்குதான். கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842இலேயே ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் வெளிவந்தது. மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக, கொடுமணல், கரூர் என்று நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் கிழக்கே போனது. இதெல்லாம் அந்த ஆளுக்கு மனப்பாடம். நம் பக்கத்தில் கிடைத்த தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமானிய ராஜாக்கள் போட்டவைதான் அதிகம் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார். அதனால் கொண்டு வந்ததும் டைபீரியஸ்தான். முன்பக்கம் ராஜா தலை, பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண் உருவம், சுற்றிலும் லத்தீன் எழுத்து. புத்தகத்தில் இருக்கிற அதே காசு.

கரூர் பைபாஸை ஒட்டிய ஒரு பேக்கரியில்தான் பார்த்தோம். விபூதி டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் காசு. எழுத்து இடுக்கில் மண் கூட ஒட்டியிருந்தது.

"ஏனுங்ணா, எங்க அப்பிச்சி மணல் அள்ளறப்ப கெடச்சதுங். நாப்பது வருசமாப் பொட்டிக்குள்ளயே கெடந்துதுங். பாப்பா கல்யாணம் வெச்சிருக்கறதுனாலதானுங் வெளிய எடுத்ததே" என்றார். ராஜாவின் கழுத்தில் குறுக்கே ஒரு வெட்டு இருந்தது. நான் கேட்கும் முன்பே அவரே காட்டினார். "இந்த வெட்டப் பாருங். ரோமாபுரி ராசா மூஞ்சி இங்க செல்லாதுன்னு நம்ம ராசாக்க வெட்டி உட்டதுங்."

இதிலும் ஒரு நிஜம் ஒளிந்திருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ராஜா தலையின் மேல் உளி வெட்டு உண்டு. அது தங்கத்தில், அதுவும் புதுக்கோட்டையில். இவர் அதைத் தூக்கிக் கரூருக்குக் கொண்டு வந்து வெள்ளியில் போட்டிருக்கிறார். படித்த மோசடிக்காரர்.

எடை கேட்டேன். பையிலிருந்து குட்டித் தராசை எடுத்து வைத்தார், 3.74 கிராம் காட்டியது. டைபீரியஸ் தினாரியஸ் அந்த எடையை ஒட்டித்தான் இருக்கும். பில் கேட்டதற்கு, "வீட்டுப் பொருளுக்கு ஏதுங்ணா பில்லு" என்றார். பாதி ரொக்கம், பாதி ஜிபே. போகும்போது கூடவே ஒரு பதக்கத்தையும் இனாமாகக் கையில் திணித்தார். 1911 டெல்லி தர்பார் (வெள்ளைக்கார ராஜா முடிசூட்டிய விழா) பதக்கமாம். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை: அசல் வெள்ளியில் அடித்தது, பின்பக்கம் பாரசீக எழுத்து பளிச்சென்று இருக்கும். இவர் கொடுத்ததில் அந்த எழுத்தெல்லாம் மழுங்கிப்போய், தேய்த்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

குட்டு உடைந்தது பெருந்துறை நண்பர் ஒருவரால். அவரும் ஓர் "ஆத்துக் காசு" வாங்கியிருந்தார். இரண்டையும் ஒரே துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ரோமானியக் காசு சுத்தியலால் கையில் அடித்தது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசானாலும் விளிம்பு வேறாக இருக்கும், உருவம் ஒன்றில் இப்படி ஒதுங்கியிருக்கும், இன்னொன்றில் அப்படி. இங்கே இரண்டிலும் தலை ஒரே பக்கம், ஒரே அளவு ஒதுங்கியிருந்தது. விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே சில்லு உடைந்திருந்தது. நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு புடைப்பு, இரண்டிலும். அது வார்க்கும்போது அச்சில் நின்ற காற்றுக் குமிழி பதிந்த இடம்.

அப்புறம் அந்த வெட்டு. உளியால் வெட்டினால் உலோகம் இரண்டு பக்கமும் கொஞ்சம் எழும்பும், பள்ளத்தின் உள்முனை கூர்மையாக இருக்கும். இதில் வெட்டின் கரை சோப்பில் நகம் பதிந்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. நண்பர் காசிலும் அதே கழுத்தில், அதே சாய்வில், அதே நீளத்தில். எந்த ராஜாவும் இரண்டு காசை அப்படி வெட்டியிருக்க முடியாது. வெட்டோடு சேர்த்துத்தான் அச்சு எடுத்திருக்கிறார்கள். ஓரத்தைத் திருப்பினால், வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற மூட்டுக் கோட்டை அரம் போட்டுத் தேய்த்த தடம் சுற்றிலும் தெரிகிறது.

நகைக்கடைத் தராசில் வைத்தால் 3.12 கிராம். அதாவது விற்றவருடைய தராசும் ஜோடனைதான். காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டோம், 0.36 கிராம் குறைந்தது. நல்ல வெள்ளியாக இருந்தால் 0.30 அளவில்தான் குறைய வேண்டும், கூடக் குறைந்தால் வெள்ளியை விட லேசான உலோகம். கோயம்புத்தூரில் டச் (உலோகத்தின் தரம்) பார்க்கிற கடையில் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு மிஷினில் வைத்தார்கள். செம்பு, துத்தநாகம், நிக்கல். நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்வது. வெள்ளி மேலே முலாமாக மட்டும்.

சரி, விற்றவருக்குப் போனைப் போட்டேன். முதல் நாள் பதில், "நான் குடுத்தது அசலுங்ணா, நீங்க எங்கியோ மாத்திட்டீங்." இதை எதிர்பார்த்தேன், எல்லோரும் சொல்வதுதான். நண்பரின் காசு, டச் ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பியதும் குரல் மாறியது. "போலீசுக்குப் போங், நானே வந்து சொல்றேன், ஆத்துல எடுத்த பொதையலத் தெரிஞ்சேதான் வாங்குனாங்கன்னு. கலெக்டர் ஆபீசுல இருந்து உங்களுக்கும் ஆள் வருமுங்."

இந்த மிரட்டல்தான் அவருடைய உண்மையான தொழில். ஆற்றுக் கதை முதலில் விலையை ஏற்றுகிறது, அப்புறம் வாயை அடைக்கிறது. பெருந்துறை நண்பர் இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம். அவருக்கும் இதே வசனம் போயிருக்கிறது.

சட்டம் என்று ஒன்று இருப்பது நிஜம். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருள்தான். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், நம் இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆனால் ஜெர்மன் சில்வரில் போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ வார்த்த வில்லைக்கு இதில் எந்தச் சட்டம் பொருந்தும்? புதையல் என்று சொல்லிப் பொய்ச் சரக்கை விற்றது ஏமாற்று வேலை. பாரதிய நியாய சன்ஹிதாவில் (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 318ஆம் பிரிவு. வாங்கினவர் பயப்பட அதில் ஒன்றுமில்லை. ஒருவேளை நிஜமாகவே ஆற்றில் எடுத்ததாக இருந்தால், கலெக்டருக்குச் சொல்லாமல் பெட்டியில் வைத்திருந்த "அப்பிச்சி" குடும்பம்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இதை அவரிடமே சொன்னேன். போன் கட் ஆனது. அதற்குப் பிறகு பிளாக்.

ஸ்டேஷனில் முதலில், "பழைய காசுதானே, நீங்களே பேசித் தீத்துக்கங்க" என்றார்கள். டச் ரிப்போர்ட், ஜிபே ரசீது, மிரட்டிய பேச்சின் பதிவு மூன்றையும் மேஜையில் வைத்த பிறகுதான் மனு ரசீது கிடைத்தது. ஜிபேயில் அனுப்பிய பாதிப் பணத்துக்காக 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் போன் செய்து பதிந்திருக்கிறேன். அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

எதிரில் இருப்பவர் தராசு கொண்டு வந்தால் அதில் ஒரு 5 ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள். 2011இல் தொடங்கிய வரிசையில் அது 6 கிராம். ஏழு காட்டினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். அசல் காசு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க, கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். போட்டோவில் தெரியாத தேய்மானமெல்லாம் நேரில் தெரியும்.

ஆள் இப்போது பொள்ளாச்சிப் பக்கம் மாக்கோதைக் காசு காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கூடவே ராமர் பட்டாபிஷேகம் போட்ட, 1818 என்று வருடம் அடித்த கம்பெனி அணாவும் இருக்கிறதாம். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அது, அபூர்வ சக்தி உள்ள இரிடியம் என்று சொல்லி ஏமாற்றுகிற இரிடியம் கோஷ்டிக்காரர்கள் லட்சக்கணக்கில் விலை சொல்கிற சரக்கு. கல்யாணப் பாப்பா கதை அங்கேயும் மாறவில்லை.

கழுத்தில் வெட்டும், நாற்காலிக் காலருகே புடைப்பும் உள்ள டைபீரியஸ் உங்களிடம் இருந்தால், கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யாருக்கும் தள்ளியும் விடாதீர்கள். அதுதான் சாட்சி. பணம் அனுப்பிய விவரத்தையும் பேசிய பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். இப்போதைக்கு என் மனுவோடு பெருந்துறை நண்பரின் மனுவும் சேர்ந்திருக்கிறது. இன்னும் நாலு பேர் சேர்ந்தால் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்டேஷனில் சொல்ல முடியாது.