வேர்ட்பிரஸ் விட்ஜெட்டுகள்: ஒரு மழைக் குறிப்புத் தளத்தில் பயன்படுத்திப் பார்த்தது

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் விட்ஜெட் வசதி, அதாவது பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ வைக்கிற சின்னச் சின்னப் பெட்டிகள், 2007-இல் 2.2 பதிப்போடு உள்ளே வந்தது. இத்தனை வருடம் கழித்தும் நிறையப் பேர் அதைப் பார்வையாளர் எண்ணிக்கையும் ஃபேஸ்புக் பெட்டியும் வைக்கிற இடமாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எங்கள் வட்டாரத்து மழை அளவைப் பதிந்து வைக்கும் சின்னத் தளம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து நடத்துகிறேன், காசு கொடுத்து ஒரு பிளகின்கூட (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) வாங்கவில்லை, கூடவே வரும் விட்ஜெட்டுகளை வைத்தே பாதி வேலை நடக்கிறது.

முதலில் காலண்டர் விட்ஜெட். பலர் இதை அழகுக்கு வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள், ஆனால் தேதிவாரியாக எழுதும் எதற்கும் இதைவிட நல்ல பொருளடக்கம் கிடையாது. காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்ப்பதுதான் வானிலைத் துறையின் வழக்கம். முந்தின நாள் காலை 8.30-லிருந்து இன்று காலை 8.30 வரை பெய்தது இன்றைய கணக்கில் வரும். நாங்களும் அப்படியே செய்கிறோம். மழை பெய்த நாளுக்கு மட்டும் பதிவு போடுவது என்று முடிவு செய்ததால், காலண்டரில் எந்தத் தேதிக்கெல்லாம் இணைப்பு தெரிகிறதோ அதெல்லாம் மழை நாள். நவம்பரைத் திறந்தால் கட்டங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும், மார்ச்சில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். ஒரு வரிகூடப் படிக்காமல் மாதத்தின் போக்கு புரிந்துவிடுகிறது! பழைய நோட்டுப் புத்தகத்தில் இருந்த அளவுகளையும் அந்தந்தத் தேதி போட்டு ஏற்றலாம். ஆனால் வரப்போகும் நிகழ்ச்சிகளுக்கு இது உதவாது. நாளைய தேதி போட்ட பதிவு அந்த நேரம் வந்து வெளியாகும்வரை காலண்டரில் தெரியாது, அதனால் கோயில் திருவிழா, கூட்டம் மாதிரி விஷயங்களுக்கு வேறு வழி பாருங்கள்.

அப்புறம் டேக் கிளவுட், அதாவது பதிவுகளுக்கு வைத்த டேக்குகளை (குறிச்சொற்களை) ஒன்றாகத் திரட்டிக் காட்டும் விட்ஜெட். ஊர்ப் பெயர்களை டேக்காக வைத்திருக்கிறோம், பதிவு கூடக் கூட எழுத்து பெரிதாகும். பெரிதாகத் தெரிகிற ஊரில்தான் அதிக மில்லிமீட்டர் பெய்தது என்று வருகிறவர்கள் நினைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அது காட்டுவது மழை நாட்களின் எண்ணிக்கையை மட்டும். தலைப்பை ‘எந்த ஊரில் எத்தனை நாள் மழை’ என்று வைத்து, எண்ணிக்கை காட்டும் வசதியையும் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை. வழக்கமாக 45 டேக் வரைதான் காட்டும், ஒரு வட்டாரத்துக்கு அது தாராளம்.

எனக்கு மிகவும் பிடித்தது, ‘செயலில் இல்லாத விட்ஜெட்டுகள்’ என்ற பகுதி. அங்கே இழுத்துப் போட்டால் உள்ளே எழுதியது எதுவும் அழியாது. வடகிழக்குப் பருவமழைக்கான அறிவிப்பை, மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070 எல்லாம் சேர்த்து ஒருமுறை எழுதி வைத்தோம். அக்டோபரில் வெளியே வரும், ஜனவரியில் உள்ளே போகும்.

ஆர்எஸ்எஸ் விட்ஜெட்டில் மட்டும் கவனம் தேவை. வேறொரு தளத்தின் புதிய தலைப்புகளை 20 வரைக்கும் கொண்டுவந்து காட்டும், சரி, ஆனால் எடுத்த தகவலை வழக்கமாக 12 மணி நேரம் சேமித்து வைத்துத்தான் காட்டுகிறது. புயல் எச்சரிக்கையை இதில் வைக்கவே கூடாது. காலையில் வந்த எச்சரிக்கை ராத்திரி தெரிந்து யாருக்கு என்ன பயன்? வானிலை பற்றிய கட்டுரைகளுக்குப் பயன்படுத்துங்கள், எச்சரிக்கைக்கு அதிகாரபூர்வப் பக்கத்தின் நேரடி இணைப்பைக் கொடுங்கள்.

2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பிலிருந்து விட்ஜெட்டுகளை அமைக்கும் பக்கமும் பிளாக் முறைக்கு (ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் கட்டமாக அடுக்கும் முறை) மாறிவிட்டது. படம், பட்டியல், அட்டவணை என எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது பெரிய லாபம், எங்கள் மாதாந்திர மழை அட்டவணை இப்போது அப்படித்தான் ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதியில்) இருக்கிறது. ஆனால் பழைய கணினியில் அந்தப் பக்கம் திறக்கவே நேரம் எடுக்கிறது, இழுத்து வைப்பதும் முன்பு போல எளிதாக இல்லை. அது பிடிக்காதவர்களுக்கு ‘கிளாசிக் விட்ஜெட்ஸ்’ என்ற இலவசப் பிளகின் இருக்கிறது, பழைய பக்கம் திரும்பி வந்துவிடும்.

தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விட்ஜெட் எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்வது தீம்தான். 2010-இல் வந்த ‘ட்வென்டி டென்’ தீமில் ஆறு இடங்கள் இருந்தன, ‘ட்வென்டி ட்வென்டி ஒன்’ தீமில் ஃபுட்டரில் ஒரே ஒரு இடம், அதற்கு அடுத்து வந்த ‘ட்வென்டி ட்வென்டி டூ’வில் விட்ஜெட் பக்கமே கிடையாது. போனில் பார்க்கும்போது சைடுபார் (பக்கத்தின் ஓரப் பட்டை) பெரும்பாலும் கட்டுரைக்குக் கீழே போய்விடும், அங்கே வைத்த எதையும் யாரும் பார்ப்பதில்லை. கட்டுரைக்கு மேலே விட்ஜெட் இடம் தருகிற தீம் ஒன்றைத் தேடி எடுங்கள், காலண்டரை அங்கே வையுங்கள், மற்றவை கீழே இருந்தால் போதும்.