குரோம்பேட்டையில் பழைய பிளாட் வாங்கப் போகிறவர்களே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாடியை எண்ணுங்கள்

ஐந்து லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அதில் பாதிக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன். அதே வீடு மறுபடியும் விற்பனைக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை நுங்கம்பாக்கத்தில். கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் ரயில் குறைவு, ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் எல்லாம் அந்த ரயிலோடு வளர்ந்த ஊர்கள். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் எல்லாம் நடந்து போகிற தூரம். வாங்கினால் அங்கேதான் என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம்.

புரோக்கர் காட்டிய வீடு ஸ்டேஷனிலிருந்து நடந்து எட்டு நிமிடம். 1999-இல் கட்டிய கட்டடம், மூன்றாவது மாடி, 870 சதுர அடி, 52 லட்சம். நல்ல வெளிச்சம். சமையலறையில் ஷெல்ஃப் எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று என் மனைவி சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மனதளவில் அன்றே குடியேறிவிட்டோம்.

“இசி பாருங்க சார், ஒரு வில்லங்கமும் இல்ல” என்று புரோக்கர், சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை நீட்டினார். பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. அது எந்த வருடத்திலிருந்து எடுத்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. 2010-இலிருந்து எடுத்திருந்தார்கள். கட்டடத்துக்கு அப்ரூவ் ஆன பிளான் எங்கே என்று கேட்டேன். “பழைய கட்டடம் சார், ஜெராக்ஸ் ஓனர்கிட்ட இருக்கு, பேங்குக்குக் கொடுத்துடலாம்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அக்ரிமென்டில் ஒரு வரி இருந்தது: 90 நாளில் வாங்குபவர் கிரயத்தை முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது. லோன் வராவிட்டால் என்ன என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு ஐந்து லட்சம் கொடுத்தேன். புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து வங்கி இன்ஜினியர் மதிப்பீட்டுக்கு வந்தார். உள்ளே போகாமல் தெருவிலேயே நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். பிளானைப் பிரித்தார். மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். “சார், பிளான்ல தரைத்தளமும் ரெண்டு மாடியும்தான் இருக்கு. நீங்க வாங்குற மாடியே இதுல இல்லையே.”

அடுத்து வங்கியின் வக்கீல். அவர் அந்த சர்வே எண்ணுக்குக் கட்டடம் கட்டும் முன்பிருந்தே இசி போட்டுப் பார்த்திருந்தார். மனை 2400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. 2000-ஆம் வருடம் கீழே உள்ள ஆறு வீடுகளையும் விற்றபோது ஒவ்வொன்றுக்கும் 400 சதுர அடி யூடிஎஸ், அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் கூட்டிக் காட்டினார்: ஆறு நானூறு, 2400. மனை அத்தோடு தீர்ந்தது. மூன்றாவது மாடியை 2004-இல் விற்ற பத்திரத்தில் 300 சதுர அடி பங்கு என்று எழுதியிருக்கிறது. அந்த 300 எந்த நிலத்தில் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

லோன் கிடைக்காது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஓனரிடம் போனால், “லோன் உங்க பிரச்சனை. ரொக்கமா வாங்க ஆள் இருக்காங்க. அக்ரிமென்ட்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க” என்றார். படி இறங்கும்போது தரைத்தளத்து அம்மா கதவைத் திறந்து, “லோன் வரலையா தம்பி? உங்களுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் இப்படித்தான் வந்துட்டுப் போனாங்க” என்றார். எனக்குக் கை நடுங்கியது. முதல் நாளே இவர் வீட்டுக் கதவைத் தட்டி விசாரித்திருக்கலாமே என்று இன்றுவரை மனது அடித்துக்கொள்கிறது.

வக்கீல் நோட்டீஸ் விட்டோம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, தக்க காரணமில்லாமல் பின்வாங்காத வரை, வாங்குபவர் கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உரிமை உண்டு. அதைச் சுட்டிக்காட்டிய பிறகு ஏழு மாதத்தில் இரண்டரை லட்சம் வந்தது. மீதிக்கு வழக்குப் போட்டிருக்கிறோம். கமிஷன் போனது போனதுதான்.

இந்தப் பக்கம் பழைய பிளாட் பார்க்கிறவர்கள் அட்வான்ஸுக்கு முன்பே பிளானைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவில் நின்று மாடியை எண்ணுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் இசியை இலவசமாகப் பார்க்கலாம். கதவு எண்ணோடு நிற்காமல் மொத்த மனைக்கும், கட்டடம் எழும்புவதற்கு முந்தைய வருடத்திலிருந்து பார்த்து, எல்லா வீட்டு யூடிஎஸ்ஸையும் கூட்டுங்கள். அப்ரூவலிலோ பத்திரத்திலோ குறை இருந்து வங்கி லோன் மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்று அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

போன வாரம் என் மைத்துனர் ஒரு விளம்பரம் அனுப்பினார். ‘கிளியர் டைட்டில், ஸ்டேஷனுக்கு நடை தூரம், லோன் வசதி உண்டு.’ விலை 55 லட்சம். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது படம் சமையலறை. சுவரில் அந்தப் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது.