அகர வரிசையா, வடிவ வரிசையா: ஒன்றாம் வகுப்பில் நான் தேர்ந்துகொண்டது

திசையன்விளைப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நான் படித்த வழியிலேயே அகர வரிசையில் தொடங்கினேன். பிறகு இரண்டு ஆண்டுகள் சொல்லட்டைகளை நம்பினேன். அதன் பின்னர் ட, ப, ம என்று வடிவத்தால் எளிய எழுத்துகளில் தொடங்கும் முறைக்கு வந்து, இன்றுவரை அதிலேயே நிற்கிறேன். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எண்ண வேண்டாம். மூன்றையும் கையாண்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டவளின் கணக்காக வாசிக்கலாம்.

அகர வரிசையின் வலிமை எல்லாருக்கும் தெரிந்தது. வீட்டிலுள்ள அனைவரும் அந்த வழியில் படித்தவர்கள் என்பதால் ஆச்சி முதல் அக்கா வரை யாரும் பிள்ளைக்குத் துணை நிற்கலாம், பாட்டாகப் பாடலாம், அங்கன்வாடியிலிருந்தோ எல்.கே.ஜி.யிலிருந்தோ வரும் பிள்ளை பாதியை வாய்ப்பாடமாகவே கொண்டுவந்துவிடும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் படித்த காலத்திலிருந்து இந்த வரிசை ஊரின் நாவில் இருக்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் வாய்ப்பாடம் வேறு, வாசிப்பு வேறு. அ முதல் ஔ வரை 12 எழுத்துகளையும் எழுதி முடித்த பிள்ளையிடம், இதுவரை படித்ததை வைத்து ஒரு சொல் வாசி என்றால், அன்றாடப் பேச்சிலுள்ள சொல்லாக அதற்குக் கிடைப்பது ‘ஈ’ ஒன்றுதான். பசுவைக் குறிக்கும் ‘ஆ’ எங்கள் ஊரில் எந்த வீட்டுத் தொழுவிலும் இல்லை. அங்கே மாடுதான் நிற்கிறது. கைக்கும் இது எளிய தொடக்கமன்று. இ, ஐ, ஒ, ஔ ஆகியவற்றின் வளைவுகள் இப்போதுதான் சிலேட்டுக் குச்சி பிடிக்கும் விரல்களுக்குக் கடினமானவை. உயிர்மெய்க்கு வந்தால், க வரிசைக்கு அடுத்தபடியே ங வரிசை நிற்கிறது. ‘ங்’ இல்லாமல் தமிழ் எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஙா, ஙி, ஙீ என்று பக்கம் நிறைய எழுதும் பிள்ளை அவற்றை ஒரு சொல்லிலும் சந்திக்கப் போவதில்லை.

இன்னொரு சிக்கல் நம் திருநெல்வேலிச் சீமைக்கே உரியது. இங்கே பிள்ளைகள் பழத்தைப் ‘பளம்’ என்றும் வாழையை ‘வாளை’ என்றும் சொல்லி வளர்கிறார்கள். ழ, ள இரண்டும் காதுக்கு ஒன்றாக இருக்கும்போது, நெடுங்கணக்கு அவற்றை 15ஆம், 16ஆம் மெய்களாக அடுத்தடுத்து நிறுத்துகிறது. குழம்பக்கூடிய இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பித்தால் குழப்பம் கெட்டிப்படும் என்பதை நான் ஆண்டுதோறும் சொல்வதெழுதுதலில் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மாதமாவது இடைவெளி விடுகிறேன். அப்படியும் ‘பளம்’ வரத்தான் செய்கிறது. முன்பைவிடக் குறைவு என்பதற்கு மேல் என்னால் உரிமை கொண்டாட முடியாது.

சொல்லட்டை முறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். படமும் சொல்லும் சேர்ந்த அட்டைகளை நாள்தோறும் காட்டி, சொல்லை முழுதாகவே மனத்தில் பதியவைப்பது அதன் அடிப்படை. முதல் மாதம் வகுப்பு பிரமாதமாக இருந்தது. ஒரு சிறுமி 30 அட்டைகளைத் தட்டுத் தடங்கலின்றி ‘வாசித்தாள்’. ஒருநாள் ‘மாடு’ அட்டையின் படத்தைக் கையால் மறைத்துக் காட்டினேன். அப்போதும் சரியாகவே சொன்னாள். அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது விழித்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அதன் வலது மூலையில் சாம்பார்க் கறை ஒன்று இருந்தது. அவள் வாசித்தது அந்தக் கறையை. மாடு, மாடி, மாடம் என்று மூன்றையும் எழுதி வேறுபாடு கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் மூன்றையும் ‘மாடு’ என்றனர். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் நேரானது. அந்த வசதியைக் கைவிட்டுவிட்டு, சொல்லைப் படம்போல் மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டைகளை நான் தூக்கி எறியவில்லை, அவற்றின் வேலையை மாற்றிவிட்டேன்.

இனி நான் தேர்ந்த முறை. ட, ப, ம மூன்றும் நேர்கோடுகளாலும் ஒரு வளைவாலும் ஆனவை. இவற்றோடு புள்ளியை மட்டும் சேர்த்துக்கொண்டால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் ஆகியவற்றைப் பிள்ளை வாசித்துவிடும். எழுத்துகளை இப்படிச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்திருக்கிறேன். இரண்டாம் கட்டில் க எழுத்தும் துணைக்காலும் வருகின்றன: பக்கம், கட்டம், பாடம், மாமா, பாப்பா, காகம், கடகம். கடகம் என்னும் பனையோலைப் பெட்டி இங்கே வீட்டுக்கு வீடு கிடந்த பொருள். தன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒன்றின் பெயரைப் பிள்ளை எழுத்தில் முதன்முறை காணும்போது முகம் மாறுவதை நான் ஒவ்வோர் ஆண்டும் காத்திருந்து பார்க்கிறேன். அடுத்து ர, ச: மரம், ரசம், காரம், சக்கரம். அதன் பிறகு ல, வ, ய: வயல், பல், கால், வால், பாய்.

அகரம் எங்கே என்று கேட்கலாம். என்னிடமும் கேட்டார்கள். ஆனி மாதத்தில் ஓர் ஆச்சி வகுப்பு வாசலில் வந்து நின்று, “டீச்சர், பள்ளிக்கூடம் தொறந்து இத்தன நாளாச்சு, புள்ள இன்னும் ஆனா ஆவன்னா எழுதலியே, நீங்க என்ன சொல்லிக் குடுக்கிய?” என்றார். நான் பேரனை அழைத்துக் கரும்பலகையில் அம்மா, அப்பா, அக்கா மூன்றையும் எழுதி வாசிக்கச் சொன்னேன். ப, ம, க, துணைக்கால் ஆகியவற்றைக் கற்ற பிள்ளைக்கு அகரம் ஒன்றை மட்டும் புதிதாகக் காட்டினால் இந்த மூன்று சொற்களும் ஒரே நாளில் வந்துவிடும். அன்று காலைதான் காட்டியிருந்தேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பேரனைத் தாமே கொண்டுவந்து விட்டார்.

இவையெல்லாம் நல்ல காரணங்கள்தாம். ஆனாலும் இவற்றுக்காக மட்டும் நான் பழைய வழியை விட்டிருக்க மாட்டேன். என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: விடுப்பு. எந்த முறையும் நாள்தோறும் வரும் பிள்ளையிடம் ஓரளவு பலிக்கும். வராத பிள்ளையிடம் எது பலிக்கும் என்பதுதான் எங்கள் பக்கத்தில் கேள்வி. பள்ளி திறக்கும் ஜூன் மாதம் பதனீர்ப் பருவத்தின் நடுவே விழுகிறது. பனையேறும் குடும்பங்கள் முன்போல் இல்லையென்றாலும், விளையில், அதாவது பனந்தோப்பில், குடிசை போட்டுத் தங்குபவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பிள்ளைகளும் அவர்களோடு போய்விடுகிறார்கள். கோயில் கொடைவிழா வந்தால் மூன்று நாள் என்பது ஒரு வாரமாகும். தாய் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனால் மூத்த பிள்ளையும் இரண்டு மாதம் காணாமல் போகும். ஆலங்குளம், முக்கூடல் பக்கத்துப் பள்ளிகளில் பீடி சுற்றும் வீடுகளின் பிள்ளைகளைப் பற்றிச் சக ஆசிரியைகள் சொல்வது சற்று வேறு: பிள்ளை வந்துவிடும், ஆனால் விட்டதை வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர, மடியிலுள்ள பீடித் தட்டை இறக்கி வைக்கத் தாய்க்கு நேரமிராது.

அகர வரிசை நடந்துகொண்டே இருக்கும் வண்டி. க வரிசையில் இறங்கிய பிள்ளை த வரிசையில் ஏறினால் நடுவில் போன எழுத்துகள் போனவைதாம். கி வந்த இடத்தில் விட்ட மேல்விலங்கும், கெ வந்த இடத்தில் விட்ட ஒற்றைக்கொம்பும் என்னவென்று தெரியாமல், பார்த்து எழுதுவதை மட்டும் அது செய்யும். நோட்டு நிறைந்திருக்கும், பிள்ளையால் ஒரு வரி வாசிக்க முடியாது. அந்த நோட்டுகளைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன், பார்வையிட வந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

வடிவ வரிசையில் நான் ஒவ்வொரு கட்டின் சொற்களையும் கொட்டான் என்னும் தனித்தனிச் சிறு ஓலைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பழைய சொல்லட்டைகளுக்கு இப்போது அதுதான் வேலை. 40 நாள் விளையில் இருந்துவிட்டு ஆவணியில் திரும்பிய ஒரு பையன், தான் விட்டுப்போன இரண்டாம் கொட்டானைத் தானே இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்துச் சொல்லில் 7 சொல்லை வாசித்தான். துணைக்கால் உள்ளவற்றில்தான் தடுக்கினான். அவனுக்கு எங்கே சொல்லித்தர வேண்டும் என்பது இரண்டு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியம், மேற்கட்டுச் சொற்கள் எல்லாவற்றிலும் கீழ்க்கட்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சக்கரத்திலும் மரத்திலும் ‘ம்’ உண்டு. ஒருநாள் தவறினாலும் மறுநாள் அது எதிர்ப்படும்.

2007-08இல் மாநிலம் முழுதும் வந்த செயல்வழிக் கற்றலில் பாட அட்டைகளைப் படிகளாக அடுக்கிய ஏணியும் இதே நோயைக் கண்டுகொண்ட மருந்துதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து ஏறலாம் என்பது நல்ல எண்ணம். ஆனால் கட்டுக்கட்டான அட்டைகளில் ஒன்று தொலைந்தாலும் படி ஒன்று உடைந்துவிடும், எனக்கோ அட்டை தேடுவதிலேயே காலைப் பொழுது போகும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தபோது, என் கொட்டான்களுக்கும் அதற்கும் மோதல் ஏதும் வரவில்லை.

என் முறையின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. வடிவம் ஒத்த எழுத்துகளை அடுத்தடுத்து வைத்தால் அவையே ஒன்றோடொன்று மாறும். முதல் ஆண்டில் ப, ம, ய மூன்றையும் சேர்த்துத் தொடங்கி, ‘பல்’ என்பதை ‘யல்’ என்று வாசிக்கும் வகுப்பு ஒன்றை உருவாக்கிவிட்டேன். இப்போது ய நான்காம் கட்டுக்குப் போய்விட்டது. உகர ஊகார வரிசைகளின் 36 எழுத்துகள் எந்த முறையிலும் பாடாய்ப் படுத்துகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு ஒரே குறி இல்லை. சு, பு, வு ஆகியவை கீழே கோடு இறங்குபவை. டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைபவை. து, நு, லு, னு ஆகியவை வலப்பக்கம் சுழித்து ஏறுபவை என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்துச் சொல்கிறேன். கு எந்தக் குடும்பத்திலும் சரியாகப் பொருந்தாது. அதை ‘ஒற்றைப் பிள்ளை’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னை, லை முதலிய 13 எழுத்துகளை நேராக்கியது, உகரத்தைத் தொடவில்லை.

என் வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருந்ததில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் கொட்டான்களோடு மாரடிக்க முடியுமா என்பது எனக்கு ஐயமே. அங்கே அகர வரிசையைப் பாட்டாக வைத்துக்கொண்டு, வாசிப்புக்கு மட்டும் கட்டுச் சொற்களைச் சேர்ப்பது நடைமுறைக்கு உதவலாம். வீட்டில் இந்தி பேசும் பிள்ளைகள் இருவர்தாம் என்னிடம் படித்தார்கள்; அந்த இருவரை வைத்து எதுவும் சொல்வது முறையன்று. எழுத்து தலைகீழாகத் தெரியும் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், கொட்டான் போதாது.

அகர வரிசையை நான் கைவிட்டுவிடவில்லை. அது மூன்றாம் வகுப்பில், அகராதி பார்க்கப் பழக்கும்போது வருகிறது. அதற்குள் எழுத்துகள் எல்லாம் தெரிந்துவிடுவதால் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்ய இரண்டு வாரம் போதுமானதாக இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் ஆச்சிமார் வீட்டில் பாட்டாகச் சொல்லித்தந்து எனக்குப் பெரிதும் உதவுகிறார்கள்.