ஒன் ஷீட்டா, லாபி கார்டா?

1920கள்ல எஃப்பிஓங்கிற அமெரிக்க கம்பெனி எடுத்த சைலண்ட் கௌபாய் படங்கள், அதுல ஹீரோ டாம் டைலர் கூட வர்ற குட்டிப்பையன் ஃப்ராங்கி டாரோ, அப்புறம் இன்னொரு பையன் நடிகர் பஸ் பார்ட்டன், இவங்க போஸ்டர் சேர்க்க நெனச்சா கடைசில ரெண்டுல ஒண்ணுலதான் வந்து நிப்பீங்க: தியேட்டர்ல ஒட்டுற பெரிய பேப்பர் போஸ்டரான ஒன் ஷீட், இல்ல தியேட்டர் முன்கூடத்துல வைக்கிற சின்ன அட்டையான லாபி கார்டு.

சைஸ்: ஒன் ஷீட் 27க்கு 41 இஞ்ச், செவுத்தையே புடிச்சுக்கும். லாபி கார்டு 11க்கு 14தான்.

விலை: ஒன் ஷீட் கையக் கடிக்கும். கார்டு 8 சேர்ந்த செட்டா வந்தது, ஒவ்வொண்ணா தேத்தலாம்.

உழைப்பு: ஒன் ஷீட் மெல்லிசு பேப்பர், மடிச்சே அனுப்புனதால மடிப்பு சேர்ற எடத்துல பொத்தல் விழுந்திருக்கும், பின்னாடி துணி ஒட்டாம பிரிக்கவே பயமா இருக்கும். கார்டு தடி அட்டை, மூலைல ஊசி ஓட்டை இருந்தா பரவால்ல.

ஆனா ஒன் ஷீட்டோட அந்த கல் அச்சு (கல்லுல வரைஞ்சு அச்சடிக்கிற லித்தோகிராஃப்) கலர் இருக்கே, அப்பப்பா, அது கார்டுல வராது. பையன் முகம் ஃபோட்டோவா வேணும்னா கார்டு, ஒண்ணே ஒண்ணு ஃப்ரேம் போட்டு மாட்டணும்னா காசு சேத்து ஒன் ஷீட்டே வாங்குங்க.